கால்வாய்ப் பாலத்தில் உயரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்

கப்பல் கால்வாய்க்கு மேல் பாலம் என்றால் எல்லோரும் தூணையும் கேபிளையும்தான் பேசுகிறார்கள். முதலில் முடிவாக வேண்டியது தண்ணீருக்கும் பாலத்தின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி. கேபிள் பழுதானால் ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றலாம். உயரத்தைக் குறைத்துக் கட்டிவிட்டால் அதோடு சரி.

பனாமாவைப் பாருங்கள். 1962இல் பசிபிக் பக்கம் திறந்த அமெரிக்காஸ் பாலத்துக்கு அடியில், கடல் ஏறியிருக்கும்போது சுமார் 61 மீட்டர்தான். அன்றைய கப்பலுக்கு அது தாராளம். 2016இல் பெரிய லாக்குகள் (கப்பலை ஏற்றி இறக்கும் நீர்க்கதவு அறைகள்) திறந்த பிறகும், மிக உயரமான கப்பல்கள் முன் அனுமதி வாங்கி, நீர் வற்றும் நேரம் பார்த்துத்தான் அங்கே நுழைய வேண்டியிருக்கிறது. 2019இல் கோலோன் அருகே கட்டிய அட்லாண்டிக் பாலத்துக்கு 75 மீட்டர் விட்டார்கள். சரியான முடிவு.

உயரத்துக்கு விலை உண்டு. 80 மீட்டர் ஏற, 4 சதவீதச் சரிவில் ஒரு பக்கத்துக்கே 2 கிலோமீட்டர் அணுகுபாதை வேண்டும். செலவைக் குறைக்கச் சொல்லும்போது முதல் வெட்டு இங்கேதான் விழுகிறது. சரிவைக் கூட்டினால் லோடு லாரி முக்கி முனகி ஏறும், பின்னால் வரும் வண்டியெல்லாம் நிற்கும். ஸ்பானையும், அதாவது தூணுக்குத் தூண் உள்ள இடைவெளியையும், சுருக்கக் கூடாது. தூண் கப்பல் வழியை நெருங்கினால் என்ன ஆகும் என்று 2024 மார்ச்சில் அமெரிக்காவின் பால்டிமோர் காட்டியது; சரக்குக் கப்பல் தூணில் மோதிப் பாலமே விழுந்தது. 6 தொழிலாளர்கள் செத்துப்போனார்கள். அட்லாண்டிக் பாலத்தின் நடு ஸ்பான் 530 மீட்டர்.

கீழே கப்பல் ஓடிக்கொண்டே இருப்பதால் நீரில் சாரம் கட்ட முடியாது. தூணின் இரு பக்கமும் சமமாக, துண்டு துண்டாகத் தளத்தை நீட்டிக்கொண்டே போக வேண்டும். இரும்புச் சட்டத்தை முன்னே நகர்த்தி, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, அது இறுகியதும் கேபிளை இழுத்து, அடுத்த துண்டுக்குப் போவார்கள். அந்தச் சட்டம் தளத்துக்குக் கீழேயும் தொங்கும். அதனால் கட்டும் காலத்தில் கப்பலுக்குக் கிடைக்கும் உயரம் முடிந்த பாலத்தைவிடக் குறைவு. வரைபடத்தில் இதை விட்டுவிட்டால் வேலை பாதியில் கால்வாய் நிர்வாகம் தடுத்துவிடும்.

மட்டத்தை விடியலுக்கு முன் அளக்க வேண்டும். வெயில் பட்டால் தளத்தின் மேல்பக்கம் நீண்டு, கேபிளும் இளகி, அளவு பொய் சொல்லும். கடைசித் துண்டைப் போடும்போது இரு முனைகளையும் இரும்பு உத்தரத்தால் பூட்டிவிட்டு, வெப்பம் அதிகம் மாறாத இரவு நேரத்தில்தான் கான்கிரீட் ஊற்ற வேண்டும். பூட்டாமல் ஊற்றினால், காலையில் வெயில் ஏறி முனைகள் அசையும்போது இறுகாத கான்கிரீட் விரிசல் விடும்.