கூப்பிடு தூரத்தில் ஒரு வீடு வேண்டும்

"ஆளரவமே இல்லாத இடமாப் பார்த்து ஒரு வீடு சொல்லுங்களேன்." செட்டிநாட்டுப் பக்கம் நான் குடிவந்த பிறகு எனக்கு வரும் செய்திகளில் பாதி இப்படித்தான் தொடங்குகின்றன. கேட்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நாற்பதைத் தாண்டியவர்கள், தனியாக இருப்பவர்கள், நகரத்து வாடகையும் இரைச்சலும் போதும் போதும் என்று ஆனவர்கள். அவர்கள் ஆசை எனக்கு முழுக்கப் புரிகிறது. நானும் அதே ஆசையோடுதான் வந்தேன். இருந்தாலும் எல்லோரிடமும் ஒன்றையே சொல்கிறேன்: ஆளரவம் இல்லாத இடத்துக்குப் போகாதீர்கள். கூப்பிடு தூரத்தில் இன்னொரு வீடு இருக்க வேண்டும், அதில் விளக்கெரிய வேண்டும். கிணறு, மாமரம், திண்ணை எல்லாம் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

செட்டிநாடு என்றதும் பலர் மனத்தில் வருவது கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோத்தமங்கலம் பக்கத்துப் பெரிய வீடுகள். செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் 2014இல் இடம்பெற்றன. இப்போது அந்த வீடுகளின் படம் வராத நாளே இல்லை. பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர். இப்படி ஒரு வீட்டின் மூலையில் இருந்துகொள்கிறேனே என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கிற வீட்டை ஓர் ஆள் கூட்டிப் பெருக்கவே பாதிப் பகல் போய்விடும். ஓர் ஓடு விலகினால் மரம் நனையும், மரம் நனைந்தால் கரையான் ஏறும்.

அதைவிடப் பெரிய சிக்கல் பங்கு. ஒரு வீட்டுக்கு எத்தனையோ பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில், ஒருவர் அமெரிக்காவில். இந்த அறை இவருக்கு, அந்த அறை அவருக்கு. ஒருவர் வாடகைக்கு விடலாம் என்பார், இன்னொருவர் வேண்டாம் என்பார், மூன்றாமவர் போனையே எடுக்க மாட்டார். இப்படியே பூட்டிக் கிடந்து, கடைசியில் இடித்துப் பிரித்த வீடுகளின் கதவும் நிலையும்தான் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் வரிசையாக நிற்கின்றன. அந்தத் தெருவுக்கு ஒருமுறை போனேன். மனம் கேட்கவில்லை, மறுபடி போகவில்லை.

அந்த வீடுகளின் அழகைப் படம் எடுக்கிறோம். அவற்றில் வாழ்ந்த முறையை யாரும் பேசக் காணோம். அந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பத்தில் மகனுக்குக் கல்யாணமானால் சில காலம் கழித்து 'வேறு வைப்பார்கள்'. அவனுக்கும் அவன் மனைவிக்கும் தனி அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. அப்பா எவ்வளவு வசதியானவராக இருந்தாலும் இதுதான் வழக்கம். கூரை ஒன்று, வளவு (நடுமுற்றத்தைச் சுற்றிய கூடம்) ஒன்று, கல்யாணம் காட்சி எல்லாருக்கும் பொது. உலை மட்டும் தனித்தனி. வயதான ஓர் ஆச்சி, மகன் குடும்பம் அதே வீட்டில் இருக்கும்போதே, தன் பங்கு அறைக்கு எதிரே ஒரே ஒரு ஆழாக்கு அரிசியைத் தனக்காக வடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். யாரும் அவரைப் பார்த்துப் பரிதாபப்படவில்லை. மருமகள் வந்து குழம்புக் கிண்ணத்தை வைத்துவிட்டு, ரெண்டு வார்த்தை பேசிவிட்டுப் போனார். கோயில் கணக்கிலும் குடும்பங்களைப் புள்ளி என்று எண்ணி, தம்பதி ஒரு புள்ளி, துணையை இழந்தவர் அரைப்புள்ளி என்று எழுதுவார்கள். ஒரு மனுஷியை அரை என்று எழுதுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது. தனி ஆளும் முழு ஆள்தான். ஆனாலும் தனியாக இருப்பவருக்குக் கணக்கில் ஓர் இடம் வைத்திருந்தார்களே, அதை மதிக்கிறேன்.

நாம் தேட வேண்டியதும் இப்படி ஒரு ஏற்பாட்டைத்தான். நம் அடுப்பு நமக்கு, நம் கதவு நமக்கு, ஆனால் அடுத்த அடுப்பின் புகை கண்ணில் பட வேண்டும்.

இதற்கு நேர்மாறானதுதான் இப்போது விளம்பரத்தில் வருகிறது. ஊரைத் தாண்டி, கம்பிவேலி போட்டு, ஓரமாகத் தென்னங்கன்று வைத்து, 'பண்ணை நிலம்' என்று விற்கிறார்கள். நடுவில் ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் என்கிறார்கள். வாங்குவதாக இருந்தால் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். சர்வே வரைபடத்தை எடுத்து, கண்மாய்க்குப் போகும் வரத்துக்கால் அந்த இடத்தின் குறுக்கே ஓடுகிறதா என்று பாருங்கள். இது மழையை நம்பிய சீமை. ஊருணியும் கண்மாயும் நிறைவது வடகிழக்குப் பருவமழையில்தான். தண்ணீர் வரும் வழியை வேலி போட்டு மறித்தால் ஊர் நம்மை எப்படி வரவேற்கும்?

சரி, நிலத்தில் வில்லங்கம் ஒன்றும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். பாம்பு இருக்கிறதே. பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, தனியாக இருக்கப்போகிறவர்கள் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். நல்லபாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் நான்கும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் உண்டு. இவற்றில் கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. தரையில் படுத்திருப்பவரைத் தூக்கத்திலேயே கடித்துவிடும். பெரிய வலியோ வீக்கமோ இருக்காது, கடித்ததே பல நேரம் தெரியாது. பிறகு இமை சரியும், பேச்சுக் குழறும், மூச்சு முட்டும். கட்டிலில் படுங்கள், கொசுவலையின் ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிக்கொள்ளுங்கள், ராத்திரி கொல்லைக்குப் போனால் டார்ச் இல்லாமல் போகாதீர்கள். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இருக்கிறது, 108க்குப் போன் செய்தால் வண்டி வரும். ஆனால் பேச்சுக் குழறிய பிறகு அந்தப் போனை யார் செய்வது? வேலிக்குள் தனியாக இருப்பவருக்கு இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

நான் இருப்பது கல்லல் பக்கம் ஒரு சிறிய ஊர். தெருவின் கடைசி வீடு. நாட்டு ஓடு, ஒரு திண்ணை, சின்ன முற்றம், பின்னால் கொல்லை, அதைத் தாண்டினால் கண்மாய்க்கரை. எதிர்வீட்டில் ஓர் அப்பத்தா, பக்கத்து வீட்டில் ஆடு வளர்க்கும் குடும்பம். காலை பத்து மணிக்கு மேல் தெருவில் ஈ காக்கை இருக்காது. அத்தனை வெயில். மாலை வரை கணக்கு எழுதும் என் வேலையை ஒருவரும் குறுக்கிடாமல் பார்க்கிறேன். சென்னை வேளச்சேரியில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தபோதுகூட எனக்கு இவ்வளவு அமைதி கிடைத்ததில்லை.

வந்த புதிதில் கேள்விகள் உண்டு. "எந்த ஊரு? தனியாவா இருக்கீக? அண்ணன் தம்பி இருக்காகளா? ஏன் கல்யாணம் முடிக்கலை?" நகரத்துத் தோழிகளுக்கு இதைச் சொன்னால் கோபம் வருகிறது. அந்தரங்கத்தில் மூக்கை நுழைக்கிறார்களே என்கிறார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. உள்ளதைச் சொன்னேன். "கல்யாணம் பண்ணிக்கலை அப்பத்தா. அண்ணன் திருச்சியில இருக்காரு. எனக்கு இப்படி இருக்கறதுதான் பிடிச்சிருக்கு." சாயங்காலத்துக்குள் அந்தப் பதில் ஊர் முழுக்கப் போய்விட்டது. அதற்குப் பிறகு ஒருவரும் கேட்கவில்லை. மழுப்பியிருந்தால் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். முன்பின் தெரியாத ஒருத்தி தெருக்கோடியில் வந்து குடியிருந்தால் அவள் யார் என்று தெரிந்துகொள்ள ஊருக்கு உரிமை இருக்கிறது என்றே நினைக்கிறேன். அந்த விசாரிப்புக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு நாள் காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, எட்டு மணிக்கெல்லாம் வாசலில் குரல் கேட்டது. "ஏத்தா, கதவு தொறக்கக் காணோமே, மேலுக்கு முடியலையா?" கஞ்சி வந்தது. பக்கத்து வீட்டுத் தம்பி வண்டியில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனான். நான் தேறியதும் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அமைதி என்றேனே, அதற்கும் ஒரு விளக்கம் தேவை. ஆடியிலும் சித்திரையிலும் குழாய் ரேடியோ விடிகாலையே தொடங்கிவிடும். தையில் மஞ்சுவிரட்டு என்றால் ஊரே திரண்டு நிற்கும். இதைச் சகிக்க முடியாதவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். அதே சிவகங்கைச் சீமையில்தான், திருப்பத்தூர் அருகே, வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. அங்கே கண்மாயில் கூடு கட்டும் பறவைகள் மிரளக் கூடாது என்று கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. பிள்ளைகளுக்கும் சொல்லியே வளர்க்கிறார்கள். எங்கிருந்தோ வரும் பறவைக்காகத் தன் பண்டிகைச் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளும் மனிதர்கள் இந்த மண்ணில் இருக்கிறார்கள். எனக்கு இந்தப் பக்கத்தின் மேல் நம்பிக்கை வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் அந்த வரவேற்பு எல்லா மனிதருக்கும் கிடைக்கிறதா? இல்லை. இதைச் சொல்லாமல் இந்தப் பதிவை எழுதினால் அது பாதிப் பொய். "எந்த ஊரு" என்பதற்கு அடுத்த கேள்வி "என்ன ஆளுக" என்பதுதான். என்னுடன் வேலை பார்த்த தலித் தோழி ஒருத்தி இதே வட்டாரத்தில் வீடு தேடினாள். முன்பணம் வரை பேசி முடித்த வீட்டை, மறுநாள் "எங்க சொந்தக்காரங்க வர்றாங்க" என்று சொல்லித் தட்டிக்கழித்தார்கள். அந்த வீடு அதன் பிறகும் வெகுகாலம் பூட்டியே கிடந்தது. என் சம்பளம்தான் அவளுக்கும், என் வேலைதான் அவளுக்கும். கடைசியில் காரைக்குடியிலேயே மாடி வீடு எடுத்துக்கொண்டாள். கிராமத்து அன்பைப் புகழ்ந்து எழுதும் ஒவ்வொருவரும் அந்த அன்பு எந்தத் தெருவோடு நின்றுபோகிறது என்பதையும் எழுத வேண்டும். எனக்குக் கிடைத்த கஞ்சி அவளுக்கும் கிடைக்காதவரை, இந்தப் பக்கத்துக்கு 'எல்லோரும் வாருங்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இன்னொரு குறையும் எனக்கு உண்டு. எங்கள் ஊரில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண். குடிவந்தவளுக்கும், தனிப்பெண்ணுக்கும் வரி இல்லை. விருப்பப்பட்டால் நன்கொடை கொடுக்கலாம். நான் கொடுக்கிறேன், ரசீதும் தருகிறார்கள். ஆனால் வரி கட்டியவர்கள் பெயர் வாசிக்கும்போது என் பெயர் வராது. நான் கேதத்துக்குப் போகிறேன், காதுகுத்துக்கு மொய் எழுதுகிறேன், ஊருணி தூர்வாரப் பணம் கொடுத்தேன். என்னையும் ஒரு தலைக்கட்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டிருக்கிறேன். "பாப்போம்" என்றார்கள். இன்னும் கேட்பேன்.

வர நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். வாங்காதீர்கள், முதலில் வாடகைக்கு இருந்து பாருங்கள். கிராமம்தானே என்று வாய்ப்பேச்சில் விடாதீர்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்குள் நின்று போன் பேசிப் பாருங்கள், பழைய சுவரின் கனத்துக்குச் சிக்னல் வாசலோடு நின்றுவிடும். தண்ணீரைக் குடித்துப் பாருங்கள். போர் தண்ணீர் சில ஊர்களில் உப்பு, காவிரிக் கூட்டுக் குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று குழாயடியில் கேளுங்கள், வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். டவுன் பஸ் கடைசி நடை எத்தனை மணிக்கு என்பது முக்கியம். 2021 முதல் பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பதால் எனக்குக் காரைக்குடி போய்வரச் செலவே கிடையாது. திருச்சிக்கு அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் காரைக்குடியிலிருந்து காலையில் புறப்படும் பல்லவன் ரயில் இருக்கிறது. பிரஷர் மாத்திரை, அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. வயதாகிற தனி ஆளுக்கு, தோட்டமும் காற்றும் எப்படியோ, பஸ், ரயில், மருந்து இவை மூன்றும் கட்டாயம் வேண்டும்.

சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்துகொண்டு இங்கே வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பெரிய வீட்டை ஓட்டலாக்குவது எல்லாருக்கும் முடியாது, பங்காளிகள் ஒத்துவருவதும் கஷ்டம். உங்கள் பங்குக்கு இரண்டாங்கட்டில், அதாவது வீட்டின் இரண்டாவது முற்றப் பகுதியில், ஓர் அறையும், எதிரே அடுப்பு வைக்க இடமும் இருக்குமே, அதைத் தனியாக இருக்கும் ஒரு பெண்ணுக்கு வாடகைக்குக் கொடுங்கள். பக்கத்து அறையை இன்னொருத்திக்கு உங்கள் பங்காளி கொடுக்கட்டும். அவரவர் சமையல் அவரவர் பார்த்துக்கொள்வார்கள், வளவைச் சேர்ந்து பெருக்குவார்கள், ஓடு விலகினால் அன்றைக்கே உங்களுக்குப் போன் வரும். என்ன ஆளுக என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படிக் கொடுக்க மனமுள்ளவர்கள் எனக்கு உள்பெட்டியில் எழுதுங்கள். வீடு தேடுகிறவர்கள் என்னிடம் நிறையப் பேர் இருக்கிறார்கள், முதலில் என் தோழியைத்தான் அனுப்புவேன்.