இழுப்பதை விட விடுவதுதான் பெரிய வேலை

மூச்சு வாங்கினால் ஆழமாக உள்ளே இழுங்கள் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ள எங்கள் அத்தாவுக்கு (அப்பாவுக்கு) அது சரிப்படவில்லை. பழைய காற்று முழுசாக வெளியேறாமல் நுரையீரலில் தேங்குவதுதான் அவர்களுக்குச் சிக்கல். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி மூக்கால் இழுத்து, சூடான டீயை ஊதுவது போல உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் விடுகிறார்கள். தொண்டிக் கடற்கரை மணலில் நாலு எட்டு வைத்தாலே இரைக்கும். உடனே வள்ளத்தின் விளிம்பில் முழங்கையை ஊன்றி முன்னால் சாய்ந்து நிற்பார்கள். அப்புறம் பனையோலை விசிறி. மூக்கிலும் கன்னத்திலும் காற்று பட்டாலே திணறல் குறைந்தது போலத் தெரியும். (ஃபேன் ஓடினாலும் விசிறிதான் வேண்டும், அது தனிக் கதை.) இன்ஹேலரை நிறுத்தவில்லை. திடீரென்று நெஞ்சு வலித்தாலோ, உதடு நீலம் பூத்தாலோ விசிறியைக் கீழே வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.