வெள்ளை ஈயைக் குறைத்தது மருந்தா, மழையா?

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு, ஓலையின் சாற்றை உறிஞ்சும் சுருள் வெள்ளை ஈயில்தான் வந்து நிற்கும். இன்ன மருந்து அடித்தேன், இரண்டே வாரத்தில் போய்விட்டது என்று ஒருவராவது சொல்வார். எந்த மாதம் அடித்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், ஐப்பசி, கார்த்திகை என்பார். சரி, அந்த மாதங்களில் மருந்தே படாத தோப்பிலும்தானே ஈ குறைகிறது? அடைமழை ஓலையைக் கழுவிவிட்டுப் போகிறது, பேர் மட்டும் மருந்துக்கு.

2016இல் இந்த ஈ நம் பக்கம் தலைகாட்டியபோதே, என்கார்சியா என்ற குளவியும் அதன் மேல் இருந்ததைப் பார்த்துவிட்டார்கள். யாரும் விலை கொடுத்து வாங்கி வந்து விட்டதில்லை. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது; ஈயின் குஞ்சுக்குள் முட்டை வைக்கும், உள்ளே வளரும் புழு அதைத் தின்று முடிக்கும்போது மேல்கூடு கருத்துவிடும். ஓலையின் அடிப்பக்கத்தை ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும்.

ஆனால் நம் ஆட்கள் பார்ப்பது மேல்பக்கத்தை. ஈ கழிக்கும் தேன் போன்ற திரவம் கீழ் மட்டைகளில் சொட்டி, அதில் கரும்பூஞ்சணம் படர்ந்து தோப்பே கரி பூசியது போல ஆகிவிடுகிறது. ஈ குறைந்த பிறகும் அந்தக் கருப்பு போகாது, அதைப் பார்த்துப் பயந்து அடிக்கிற மருந்தில் முதலில் சாவது குளவிதான். (கேரளத்துக் காயங்குளத்தில் இந்தப் பூஞ்சணத்தையே மேய்கிற ஒரு சின்ன வண்டைக் கண்டுபிடித்தார்கள், அதுவும் சேர்ந்து சாகும்.)

அதற்காக, இயற்கை பார்த்துக்கொள்ளும், சும்மா இரு என்று சொல்லும் நண்பர்களோடும் எனக்கு ஒத்துவரவில்லை. மாசி தொடங்கி வெயில் ஏறி, மழையும் இல்லாதபோது ஈ பெருகுகிற வேகத்துக்குக் குளவி ஈடுகொடுப்பதில்லை. வெயில் காலம் நீண்டுகொண்டே போனால் இந்த இடைவெளியும் நீளும். அந்த நாட்களில் ஓலையின் அடியில் படும்படி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சலாம், ஈ வந்து ஒட்டிக்கொள்ள விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஷீட் கட்டலாம், மரத்துக்குத் தண்ணீர் குறையாமல் பார்க்கலாம்.

இதில் எனக்குப் பெரிய எரிச்சல் வேலிதான். நான் குளவியைக் காப்பாற்றி வைத்திருக்க, பக்கத்துத் தோப்புக்காரர் மருந்து அடித்தால் என் பக்கத்துக் குளவிக்கும் சேர்த்துத்தான் கேடு. குளவி தங்கிய கருத்த கூடுகள் உள்ள ஓலையை நறுக்கி, குளவி இல்லாத தோப்பில் கொண்டுபோய்க் கட்டும் வேலையை ஊரே சேர்ந்து தை மாதத்திலேயே செய்துவிட்டால் என்ன? கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், அவர் விற்க இதில் ஒன்றுமில்லை. உழவர் குழுக் கூட்டத்திலாவது யாராவது எழுந்து பேசுங்கள்.