கார்லோஸ் பிளாக்கர்: நல்ல மனிதர், ஆபத்தான நம்பிக்கை

யூஜெனிக்ஸ், அதாவது யார் பிள்ளை பெறலாம், யார் கூடாது என்று தீர்மானித்து மனித இனத்தை ‘மேம்படுத்தலாம்’ என்ற கொள்கை, என்றதும் நமக்கு நாஜி ஜெர்மனிதான் நினைவுக்கு வரும். அதனாலேயே கார்லோஸ் பிளாக்கரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையின் மனநல மருத்துவர். முதல் உலகப் போரில் மிலிட்டரி கிராஸ் என்ற வீரப் பதக்கம் வாங்கியவர். அவர் தம்பி ராபின் அதே போரில், 1915இல், பிரான்ஸின் லூஸ் போர்க்களத்தில் இறந்துபோனார். இப்படிப்பட்டவர்தான் 1931 முதல் 1952 வரை பிரிட்டனின் யூஜெனிக்ஸ் சங்கத்துக்குப் பொதுச் செயலாளர்.

அவரிடம் எனக்கு மரியாதை உண்டு. கருத்தடையைப் பற்றிப் பேசவே இங்கிலாந்து மருத்துவர்களில் பலர் கூச்சப்பட்ட காலத்தில், 1926இலேயே அது அரசின் பொறுப்பு என்று புத்தகம் எழுதினார். வருஷத்துக்கொரு பிரசவம் என்று உடம்பு தேய்ந்துபோன ஏழைப் பெண்களுக்கு அந்தக் குரல் தேவைப்பட்டது.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. பரம்பரையாக மனநோயும் அறிவுக் குறைபாடும் உள்ளவர்கள் பிள்ளை பெறாமலிருப்பது சமூகத்துக்கு நல்லது என்று அவர் நம்பினார். அவர்களுக்கு விருப்பத்தின் பேரில் கருத்தடை ஆபரேஷன் செய்ய 1931 ஜூலையில் நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. 89க்கு 167 என்று தோற்றது. 1934இல் லாரன்ஸ் பிராக் தலைமையிலான குழு அதே யோசனையைப் பரிந்துரைத்தது. அப்போதும் சட்டமாகவில்லை. இதற்கு நடுவில், 1933இல், ஜெர்மனி கட்டாயக் கருத்தடைச் சட்டம் கொண்டுவந்தது. ஏறத்தாழ 4 லட்சம் பேருக்கு அந்த ஆபரேஷன் செய்யப்பட்டது. பிளாக்கர் அந்தக் கட்டாயத்தை எதிர்த்தார். அவரைப் பொறுத்தவரை சம்மதம் இருந்தால் போதும்.

யாருடைய சம்மதம்? அன்றைய இங்கிலாந்தில் 1913ஆம் ஆண்டு மனக்குறைபாட்டுச் சட்டம் நடைமுறையில் இருந்தது. கல்யாணமாகாமல் பிள்ளை பெற்று, ஏழைகளுக்கான அரசு உதவியை நம்பியிருந்த ஒரு பெண்ணை, குறைபாடுள்ளவள் என்று சொல்லிக் காப்பகத்தில் அடைக்க அந்தச் சட்டம் இடம் கொடுத்தது. எப்போது வெளியே வருவோம் என்று அவளுக்குத் தெரியாது. அதை முடிவு செய்கிற நிர்வாகத்தின் ஆட்களே ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் அவள் என்ன செய்வாள்? நோயாளிகளோடு நாள்தோறும் பழகிய ஒரு மனநல மருத்துவருக்கு இது புரியாமல் போனதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

போருக்குப் பிறகு யூஜெனிக்ஸ் என்ற பெயரே கெட்டுப்போனது. 1950களின் பிற்பகுதியில் பிளாக்கர் சங்கத்துக்கு ஒரு யோசனை சொன்னார்: நோக்கத்தை விட வேண்டாம், வெளியே தெரியாத வழிகளில் தொடருவோம். 1960இல் சங்கம் அதை ஏற்றது. குடும்பக் கட்டுப்பாட்டு அமைப்புகளுக்கு நிதியைக் கூட்டுவதும் அந்தத் தீர்மானத்தில் இருந்தது. 1952இல் பம்பாயில் அமெரிக்காவில் கருத்தடை உரிமைக்காகப் போராடிய மார்கரெட் சாங்கரும் இந்தியாவின் குடும்பக் கட்டுப்பாட்டு இயக்கத் தலைவர் தன்வந்தி ராமா ராவும் முன்னின்று தொடங்கிய சர்வதேச குடும்பக் கட்டுப்பாட்டுக் கூட்டமைப்பின் லண்டன் அலுவலகத்துக்கு இடம் கொடுத்ததும் இதே சங்கம்தான். கூட்டமைப்பின் பொறுப்புகளில் பிளாக்கரும் இருந்தார்.

இதை வைத்துக் குடும்பக் கட்டுப்பாடே வெள்ளைக்காரன் சதி என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நான் ஏற்கவில்லை. எத்தனை பிள்ளை, எப்போது என்று ஒரு பெண் தானே தீர்மானிப்பது அவள் உரிமை. அந்த உரிமைக்காக உழைத்த பெண்களையும் ஒரு சங்கத்தின் மறைமுகத் திட்டத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. அதே சமயம், பிள்ளை பெறத் தகுதியானவர் யார் என்று வேறொருவர் முடிவு செய்யும் எண்ணம் அந்த அலுவலகங்களுக்குள் இருந்தது என்பதை மறைக்கவும் கூடாது.

1976-77இல் நம் நாட்டில் ஒரே வருஷத்தில் 80 லட்சத்துக்கும் மேல் கு.க. ஆபரேஷன்கள் நடந்தன. ஆள் பிடித்து வராவிட்டால் சம்பளம் கிடையாது என்று ஆசிரியர்களை மிரட்டிய காலம் அது. பிளாக்கர் 1975லேயே இறந்துவிட்டார். எமர்ஜென்சிக்கு அவரைப் பொறுப்பாக்குவது நியாயமில்லை. ஆனால் அந்த முகாம்களிலும் காகிதத்தில் சம்மதம் இருந்தது, கைநாட்டு இருந்தது.

1994இல் புனேயில் காப்பகத்திலிருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். சுகாதாரம், பாதுகாப்பு என்று காரணம் சொன்னார்கள். எதிர்ப்புக்குப் பிறகுதான் நின்றது. இன்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், ஒருவரின் சுயமான, விவரம் தெரிந்த சம்மதம் இல்லாமல் மலடாக்கும் சிகிச்சை எதையும் தடை செய்கிறது. ஆனால் அந்தச் சம்மதத்தைக் காப்பக நிர்வாகியோ, அங்கு வரும் மருத்துவரோ வாங்கக் கூடாது என்பேன். காப்பகத்திலிருக்கும் பெண்ணின் சாப்பாடும் படுக்கையும் யார் கையில் இல்லையோ, அப்படி ஒருவர் அவளோடு உட்கார்ந்து, அவளுக்குப் புரியும்படி பேசிக் கேட்க வேண்டும். அவள் வேண்டாம் என்றால் அங்கேயே விட்டுவிட வேண்டும்.