சின்னப் பதவிக்கு இங்கே இடமில்லை

அமெரிக்காவில் அரசாங்கத் தலையீடு குறைய வேண்டும் என்று சொல்லும் லிபர்டேரியன் கட்சி வழியாக இளையோர் தேர்தலில் நிற்பதைப் பாராட்டியிருக்கிறீர்கள். சரி, அங்கே நகர மன்றத்திலிருந்து தொடங்கலாம். எங்கள் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில்? ஊராட்சி மன்றத் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டதோடு சரி; இன்றுவரை நியமனம்தான். 2019-இல் அரசியலமைப்பைத் திருத்தி, 18 வயதிலேயே ஓட்டுப் போடவும் நாடாளுமன்றத்துக்கு நிற்கவும் வழி செய்தார்கள். ஆனால் நாடாளுமன்றத்துக்கு நிற்க வைப்புத் தொகை 10,000 வெள்ளி (ரிங்கிட்). எட்டில் ஒரு பங்கு ஓட்டு வராவிட்டால் அதுவும் போச்சு. ஃபேக்டரிக்குப் போகும் பையன் அவ்வளவு பணத்துக்கு எங்கே போவான்?

அப்புறம், அரசாங்கத் தலையீடு குறைய வேண்டும் என்ற அந்தக் கொள்கை. தாத்தா காலத்தில் தோட்டத்தில் (எஸ்டேட்டில்) வீடு, தண்ணீர், ஆஸ்பத்திரி எல்லாம் கம்பெனி கையில் இருந்தன. வேலை போனால் வீடும் போகும். எங்கள் தாத்தா அரசாங்கத்தைவிடத் தோட்டத்தை நிர்வகித்த துரைக்குத்தான் அதிகம் பயந்தார். அந்தப் பயத்துக்கு இந்த லிபர்டேரியன்களிடம் என்ன பதில் இருக்கிறது?