மேளக்காரப் பிள்ளைக்கு வேலை கொடுங்கள்

போன வெள்ளிக்கிழமை சாயங்காலப் பூஜைக்குக் கோயிலுக்குப் போயிருந்தேன். திரை விலகியது. ஐயர் தீபத்தைக் கையில் எடுத்தார். கோயில் காரியங்களைப் பார்க்கும் அண்ணன் ஒருவர் தூண் பக்கம் போய்ச் சுவிச்சைத் தட்டினார். சுவரோரம் இருக்கும் இரும்புச் சட்டத்துக்குள் மோட்டார் சுற்ற, இரண்டு குச்சிகள் முரசை மாற்றி மாற்றி அடிக்க, மேலே மணி ஆட, மேளம் தொடங்கிவிட்டது. எல்லோரும் கை கூப்பினோம்.

எனக்கு முன் வரிசையில் என் அக்கா மகன் நின்றான். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், குருவின் வீட்டிலேயே நான்கு வருடம் தங்கி நாதஸ்வரம் படித்தவன். இப்போது செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறான். கும்பிட்டு முடித்துக் கையைக் கீழே விட்டவன், தொடைமேல் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தான். ஏதோ ஒரு ராகம் அங்கே ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் நின்றதும் விரல்களும் நின்றன.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பிள்ளைகளுக்குச் சங்கீதத்தில் ஆர்வம் இல்லை, கலை அழிந்துகொண்டிருக்கிறது என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டிலேயே இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆர்வம் இல்லை என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சனிக்கிழமை காலையில் ஈப்போவுக்குப் போகும் கார்களில் எட்டிப் பாருங்கள். பின் இருக்கையில் வயலின் பெட்டியோ மிருதங்கமோ சலங்கைப் பையோ இருக்கும். என் மகளை நானே பதினோரு வருடம் அப்படிக் கூட்டிக்கொண்டு போனேன். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை என்று ஒவ்வொரு படியாக ஏறினாள். மாயாமாளவகௌளையில் ‘ஸ ரி க ம’ சொல்லிக்கொண்டே அவள் காரில் தூங்கிப்போன நாள்கள் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கின்றன. கோலாலம்பூரில் 1981-இல் தொடங்கிய டெம்பள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் என்ற கலைப்பள்ளி போன்ற இடங்களில் எத்தனை பிள்ளைகள் படித்து வெளியே வந்திருக்கிறார்கள்! படிக்கிற பிள்ளைகளுக்கும் குறையில்லை, செலவு செய்கிற பெற்றோருக்கும் குறையில்லை.

படித்து முடித்த பிறகு என்ன? அரங்கேற்றம். மண்டபம், பூ அலங்காரம், அழைப்பிதழ், முக்கியப் பிரமுகர், பொன்னாடை. மறுநாளிலிருந்து வீட்டில் தம்பூராச் சத்தம் குறைய ஆரம்பிக்கும். என் மகள் இப்போது பினாங்கில் வேலை பார்க்கிறாள். வருடத்துக்கு ஒரு தடவை நவராத்திரிக்குப் பாடுகிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்பது நாள் பாட இடம் இருக்கிறது, மிச்ச நாளெல்லாம் அவள் எங்கே போய்ப் பாடுவாள்?

அக்கா மகன் விஷயம் இதைவிடக் கனமானது. பாட்டு படித்த பிள்ளை நாலு குழந்தைகளை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கலாம். நாதஸ்வரக்காரனுக்குக் கோயில் வேண்டும், கல்யாணம் வேண்டும், பக்கத்தில் தவில் வேண்டும். தாமான் (குடியிருப்புப் பகுதி) வரிசை வீட்டில் காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து ஊத முடியுமா? சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை தூங்கும். அவன் லாரியை எடுத்துக்கொண்டு செம்பனைக் காட்டுக்குள் போய், வேலை தொடங்கும் முன் அரை மணி நேரம் ஊதுகிறான். டேஷ்போர்டில் ஒரு சின்னத் தகர டப்பா இருக்கும். அதற்குள் நாலைந்து சீவாளி. நாணல் தட்டையில் செய்த அந்தச் சின்னத் துண்டை வாயில் வைத்து நனைத்து, பதம் வந்துவிட்டதா என்று தனியாக ஊதிப் பார்ப்பான். வாத்துக் குஞ்சு கத்துவதைப் போல ஒரு சத்தம் வரும். அதைக் குழலில் செருகி ஊதினால் அப்புறம் வருவது வேறு. நான் ஒருநாள் கூடவே போய்க் கேட்டேன். மரங்களுக்கு நடுவில் பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. பிலஹரி என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“இப்படியாவது ஊதலன்னா உதடு மறந்துடும் சின்னம்மா” என்றான்.

இந்த ஒரு வரியில்தான் நான் சொல்ல வந்த அத்தனையும் இருக்கிறது. வகுப்பில் படிப்பது பாதிதான். மீதியை வேலைதான் சொல்லிக்கொடுக்கும்.

தஞ்சாவூர்ப் பக்கம் நாதஸ்வரம் எப்படி அவ்வளவு உயரத்துக்குப் போனது என்று யோசித்துப் பாருங்கள். அங்கே பெரிய கோயில்களில் மேளக்காரருக்குத் தினசரிக் கடமை இருந்தது. விடியலில் பூபாளம், அர்த்தஜாமத்தில் நீலாம்பரி, சுவாமி புறப்பட்டால் கம்பீர நாட்டையில் மல்லாரி. இந்த நேரத்துக்கு இந்த ராகம் என்ற கணக்கு. கேட்க நாலு பேர் இருந்தாலும், யாருமே இல்லாவிட்டாலும் வாசிக்க வேண்டும். வீதி உலா என்றால் இரவு முழுக்க நடந்துகொண்டே ஒரு ராகத்தை மணிக்கணக்கில் விரிக்க வேண்டும். அந்தத் தேவை இருந்ததால்தான் மணிக்கணக்கில் விரிக்கிற வித்தை வளர்ந்தது. திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடியைப் பற்றிப் பேசாத சங்கீத ரசிகர் உண்டா? அவர் திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக இருந்தவர். ஆதீன வித்துவான் என்பது பெயருக்குப் பின்னால் போடும் பட்டம் மட்டும் இல்லை, அது ஒரு பதவி. வாசிக்க வேண்டிய பொறுப்பு. நாதஸ்வரம் செய்யும் நரசிங்கம்பேட்டை ஆசாரியோடு சேர்ந்து அவர் நாதஸ்வரத்தையே நீளமாக்கி, சுருதியைக் கீழே இறக்கிப் பாரி நாதஸ்வரத்தைக் கொண்டுவந்தார் என்றால், நாளும் வாசித்த ஒருவருக்குத்தான் அப்படித் தோன்றும். அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

படிப்பும் வேலையோடு சேர்ந்ததுதான். அந்தக் காலத்தில் சீடன் முதலில் பின்னால் நின்று ஒத்து ஊதுவான். ஒரே சுருதி, மணிக்கணக்கில். அப்புறம் தாளம் போடுவான். அப்புறம் குருவுக்குப் பக்கத்தில் இரண்டாவது நாதஸ்வரம். கடைசியில்தான் தன் பெயரில் மேளம். இப்போது ஒத்துக்குப் பதில் சுருதிப்பெட்டி வந்துவிட்டாலும், அக்கா மகன் முதல் வருடம் முழுக்கக் குருவின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோயில் கோயிலாகத்தான் போயிருக்கிறான். தவில்காரர் விரல்களுக்குக் கூடு செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததைச் சொன்னான். துணியைப் பசையில் தோய்த்து ஒவ்வொரு விரலுக்கும் சுற்றிச் சுற்றிக் காயவைப்பார்களாம். வலது கையில் அந்தக் கூடு, இடது கையில் குச்சி. அந்தக் கூடு காய்கிற நேரத்தில்தான் அந்தப் பெரியவர் அவனுக்குத் தாளக் கணக்கைச் சொல்லிக்கொடுத்தாராம். இதையெல்லாம் எந்த வகுப்பில் உட்கார்ந்து கற்க முடியும்?

மலேசியாவில் பிறந்த பிள்ளைக்கு அந்தப் பாணி வருமா என்று சிலர் கேட்கிறார்கள். ஷேக் சின்ன மௌலானா (1924–1999) ஆந்திரத்தின் கரவதியில், முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். நாச்சியார்கோயில் சகோதரர்களிடம் தஞ்சாவூர் பாணியைப் படித்து, ஸ்ரீரங்கத்தில் குடியேறி, அங்கேயே அடுத்த தலைமுறைக்கும் சொல்லிக்கொடுத்தார். ஊரும் பிறப்பும் அவரைத் தடுக்கவில்லை. கற்றுக்கொடுக்க குரு கிடைத்தார், வாசிக்க இடம் கிடைத்தது. நம் பிள்ளைக்கு முதலாவது கிடைத்துவிட்டது.

தமிழ்நாட்டில் எல்லாம் செழிப்பாக இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. சென்னையில் மார்கழி சீசனில் மத்தியான வெயிலில் காலி நாற்காலிகளுக்கு முன்னால் பாடுகிற இளம் வித்துவான்கள் இருக்கிறார்கள். ஆனாலும் அங்கே ஏறிப்போக ஒரு ஏணி தெரிகிறது. மாவட்ட இசைப்பள்ளியில் மூன்று வருடம் படிக்கலாம். குரலிசையோடு நாதஸ்வரம், தவில், தேவாரம் எல்லாம் சொல்லித்தருகிறார்கள். அறநிலையத் துறைக் கோயில்களில் நாதஸ்வரம், தவில் பணியிடங்கள் உண்டு. ஆகாசவாணி வானொலியில் தேர்வு வைத்து பி, பி ஹை, ஏ, ஏ டாப் என்று தரம் கொடுக்கிறார்கள். சம்பளம் குறைவோ அதிகமோ, அடுத்த படி எது என்று பிள்ளைக்குத் தெரியும். இங்கே அரங்கேற்றத்துக்கு அடுத்த படி எங்கே? எனக்குக் கண்ணில் படவில்லை.

நம்மிடம் கோயில் இல்லையா? தோட்டங்கள் ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறின, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் காலியாகின, சனம் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தது. கோயில்கள் மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்திருக்கின்றன. தகரக் கொட்டகையில் இருந்த அம்மனுக்கு இன்று ராஜகோபுரம். கிரானைட் தரை, பெரிய மண்டபம், குளிர்சாதனம். எனக்கும் பெருமைதான், நானும் நன்கொடை கொடுத்தவள்தான். ஆனால் அந்த மண்டபத்தில் தினமும் கேட்பது மோட்டார் மேளமும் ஒலிபெருக்கிப் பாட்டும்.

போன வருடத் திருவிழாவுக்கு அக்கா மகன் ஒரு கோயில் நிர்வாகத்திடம் போய்க் கேட்டான். எந்தக் கோயில் என்று சொல்ல மாட்டேன், அவர்களும் நம் ஆள்கள்தான். “வெளியூரிலிருந்து செட்டு வருது தம்பி, நீ வேணும்னா வந்து கூட ஊது, சாப்பாடு இருக்கு” என்றார்கள். அவன் கோபப்படவில்லை. மூன்று நாளும் போய் ஊதினான். கடைசி நாள் ரதத்துக்கு முன்னால் மல்லாரியை அவனையே எடுக்கச் சொன்னார் அங்கே வந்த பெரிய மேளக்காரர். முடிந்ததும் தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து இவன் தோளில் போட்டார். நிர்வாகத்தில் இருந்து பெட்ரோல் காசுகூடக் கேட்காமல் வீட்டுக்கு வந்தான்.

தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் பெர்மிட்டில் வருகிற மேளக்காரர்களைக் கூப்பிடாதீர்கள் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குடும்பத்தை விட்டுவிட்டு வருகிறார்கள், வித்தையோடு வருகிறார்கள். நம் பிள்ளைகள் அவர்களோடு உட்கார்ந்து வாசித்தால்தான் வளர்வார்கள். திருவிழாவுக்கு அவர்கள் வரட்டும். வருடத்தின் மிச்ச நாள்களைப் பற்றித்தான் பேசுகிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். இன்று நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). எங்கள் வட்டாரத்தில் ஆறு கோயில்கள் சேர்ந்து, மாதம் கோயிலுக்கு 600 வெள்ளி ஒதுக்கினால் 3,600. ஒரு நாதஸ்வரம், ஒரு தவில், ஆளுக்கு 1,800. வாரத்தில் ஒரு கோயிலுக்கு ஒரு மாலை. ஏழாவது நாள் ஓய்வு. வெள்ளிக்கிழமையை எல்லாக் கோயிலும் கேட்கும், தெரியும். அதை முறைவைத்து மாற்றிக்கொள்ளலாம். சஷ்டி, பௌர்ணமி என்று முருகன் கோயிலும் அம்மன் கோயிலும் நாளைப் பிரித்துக்கொள்ளலாம். இபிஎப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி) இரண்டுக்கும் தனியாக ஒதுக்க வேண்டும். அதற்கும் மேலே கொஞ்சம் தேவைப்படும்தான். கல்யாண வேலை அவர்கள் தனியாகப் பார்த்துக்கொள்வார்கள். 600 வெள்ளி பெரிய தொகையா? ஒரு கோயிலைச் சேர்ந்த முப்பது குடும்பம் ஆளுக்கு இருபது வெள்ளி போட்டால் முடிந்தது.

நாம், மலேசியாவில் அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தனின் ஊர்க்காரர்கள். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய், ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, துண்டாடப்பட இருந்த தோட்டங்களை வாங்கியவர் அவர். என் அப்பா அந்தப் பங்குச் சீட்டைக் கடைசிவரை அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தார். கையில் ஒன்றுமில்லாத சனம் தோட்டமே வாங்கியிருக்கிறது. வீடும் காரும் கோபுரமும் கட்டிய நம்மால் இரண்டு பேருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

சம்பளத்தோடு ஒரு நிபந்தனையும் வைக்கலாம். வாசிக்க வருகிறவர்கள் பூஜைக்கு ஒரு மணி நேரம் முன்னால் வந்து, கோயில் மண்டபத்திலேயே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பாட்டு படித்த என் மகள் மாதிரிப் பிள்ளைகளுக்கும் மாதத்தில் ஒரு மாலை கொடுங்கள். தேவாரம் பாடட்டும், கீர்த்தனை பாடட்டும். பொன்னாடை வேண்டாம், ஐம்பது வெள்ளியும் பாயும் மைக்கும் போதும். ஒவ்வொரு மாதமும் பாட வேண்டும் என்று தெரிந்தால் தம்பூராவைத் தானாக எடுப்பாள். பினாங்கு ஒன்றும் தூரமில்லை.

அடுத்த மாதம் எங்கள் கோயில் ஆண்டுக் கூட்டம். இந்தக் கணக்கைத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். எழுந்து படிக்கப் போகிறேன். மற்ற கோயில் நிர்வாகத்தில் இருக்கிற அண்ணன்மார், அக்காமார் யாராவது இதைப் படித்தால், உங்கள் கூட்டத்திலும் ஒரு தடவை எடுத்துப் பேசுங்கள். முதலில் இரண்டு கோயில் சேர்ந்தாலே தொடங்கிவிடலாம்.

அப்புறம் இன்னொன்று. அவனுக்குத் துணையாகத் தவில் வேண்டும். சுங்கை சிப்புட், கோல கங்சார், ஈப்போ பக்கம் தவில் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்ட பிள்ளை யாராவது இருந்தால் எனக்கு மெசேஜ் அனுப்பச் சொல்லுங்கள். சனிக்கிழமை இரவு எங்கள் வீட்டுக்கு வரட்டும். சாப்பாடு நான் போடுகிறேன்.