பெரிய நாவலை விடுங்க, சிறுகதையை எடுங்க

ஒஸ்கார் சீசன் தொடங்கினால் போதும், நம்ம சினிமா ரசிகர்களுக்குள்ளே ஒரே வாக்குவாதம்தான். "புத்தகத்தைக் கெடுத்துட்டான்" என்று ஒரு கூட்டம். "புத்தகத்தை விடப் படம் நல்லா இருக்கு" என்று இன்னொரு கூட்டம். ரெண்டு கூட்டமும் ஒரே அளவுகோலைத்தான் கையில் வைத்திருக்கிறது: எழுதியது எழுதியபடி திரைக்கு வந்ததா இல்லையா? அந்த அளவுகோலே பிழை என்பது என் கட்சி. இலங்கை மலையகத்திலிருந்து உருப்படியான ஒரு படம் வரவேண்டும் என்று நினைக்கிறவர்கள் நாவலைத் தூக்கிக்கொண்டு அலையாமல் சிறுகதையைக் கையில் எடுக்க வேண்டும் என்பதும் அதோடு சேர்ந்ததுதான்.

முதலில் அளவுகோல். ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போகிற வழியில் கித்துல்கல இருக்கிறதே, அங்கே களனி கங்கையில்தான் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்துக்குப் பாலம் கட்டினார்கள். பியர் பூல் பிரெஞ்சில் எழுதிய நாவல் 1952இல் வந்தது, படம் 1957இல். நாவலின் முடிவில் ரயில் தடம் புரளும், ஆனால் பாலம் நிற்கும். படத்தில் பாலம் ரயிலோடு சேர்ந்து ஆற்றில் விழுகிறது. கதையின் முடிவையே புரட்டிப் போட்ட அந்தப் படத்துக்கு 7 ஒஸ்கார், அதில் தழுவல் திரைக்கதைக்கான விருதும் ஒன்று. அந்த விருதை பூலின் பெயருக்குக் கொடுத்தார்கள். உண்மையில் எழுதியவர்கள் கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும். கம்யூனிஸ்ட் என்று முத்திரை குத்தி ஹொலிவூட் ஒதுக்கி வைத்திருந்ததால் அவர்கள் பெயரைப் போடவில்லை. 1984இல்தான் ஒஸ்கார் கொடுக்கிற அகடமி அதைத் திருத்தியது, அதற்குள் வில்சன் காலமாகிவிட்டார். திரைக்கதை என்பது நாவலாசிரியரின் வேலை அல்ல, வேறொருவர் உட்கார்ந்து செய்கிற தனி வேலை. இது புரியாமல் தழுவலைப் பற்றிப் பேசிப் பிரயோசனமில்லை.

"புத்தகமே இல்லாத படம் எப்படித் தழுவல் பிரிவில் போட்டி போடுது?" என்று ஒவ்வொரு வருஷமும் கேள்வி வரும். தழுவல் என்பதற்குப் புத்தகம்தான் வேண்டும் என்றில்லை. ஏற்கெனவே இருக்கிற பாத்திரம், நாடகம், குறும்படம் எதை எடுத்தாண்டாலும் அது தழுவல்தான். இரண்டாம் பாகம் எடுத்தாலும் அதே கதை, 'டொப் கன் மாவெரிக்' அப்படித்தான் அந்தப் பட்டியலுக்குப் போனது. 'பார்பி'யை எழுதியவர்கள் அதைச் சொந்தத் திரைக்கதை என்றார்கள். பொம்மை முன்பே இருந்தது என்று அகடமி தழுவலில் போட்டது. வாக்குப் போடுகிறவர் மூல நூலை வாசித்திருக்க வேண்டும் என்று ஒரு விதியும் கிடையாது. திரையில் வந்தது எழுந்து நிற்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். நாமும் அப்படியே பார்க்கலாம்.

இனி அளவு. திரைக்கதையில் ஒரு பக்கம் என்பது ஏறத்தாழ ஒரு நிமிடம். இரண்டு மணி நேரப் படம் என்றால் 120 பக்கம், அதிலும் பாதி வெற்றிடம். 400 பக்க நாவலை அதற்குள் அடைத்தால் முதலில் போவது கிளைக்கதை, அடுத்தது துணைப் பாத்திரம், கடைசியில் மிஞ்சுவது சம்பவங்களின் சுருக்கம். பொன்னியின் செல்வனை இரண்டு படமாக, ஐந்தரை மணி நேரத்துக்கு எடுத்தும் மணிமேகலைக்கு இடமில்லாமல் போனது. மணிரத்னத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஐந்து பாகத்துக்கு அந்த நேரம் காணாது.

சிறிய மூலத்தில் வேலை தலைகீழ். அங்கே வெட்டுவதில்லை, வளர்ப்பதுதான். மகேந்திரன் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து ஓர் இழையை மட்டும் எடுத்து 1979இல் 'உதிரிப்பூக்க'ளைக் கட்டினார். பூமணியின் 'வெக்கை' சின்ன நாவல், கொலை செய்துவிட்டு ஒளிந்து திரியும் பையனின் கண்ணால் நகர்கிறது. வெற்றிமாறன் பாரத்தை அப்பாவின் தோளுக்கு மாற்றி, அவருக்கு ஒரு பழங்கதையைச் சேர்த்து 'அசுரன்' ஆக்கினார். அதற்குத் தேசிய விருது, தனுஷுக்கும் விருது. 'விசாரணை'க்கும் அதே கைதான்: சந்திரகுமாரின் 'லாக்கப்' நாவல் படத்தின் முன்பாதியோடு முடிந்துவிடும், பின்பாதி முழுக்கப் புதிதாக எழுதியது. அந்தப் படத்தைத்தான் இந்தியா 2016இல் ஒஸ்காருக்கு அனுப்பியது. ஜப்பானில் ஹமகுச்சி முரகாமியின் ஒரு சிறுகதையை எடுத்து, அதே தொகுப்பிலிருந்து இன்னும் இரண்டு கதைகளின் துண்டுகளைச் சேர்த்து, நடுவில் செக்கோவின் நாடக ஒத்திகையை வைத்து 179 நிமிடப் படமாக 'டிரைவ் மை கார்' எடுத்தார். 2022இல் சர்வதேசப் படத்துக்கான ஒஸ்கார் அதற்குத்தான். இதெல்லாம் தற்செயல் என்று நான் நம்பவில்லை.

தேயிலை பற்றிப் பேசுகிறபோது 'பரதேசி' படத்தைத் தாண்டிப் போக முடியாது. தேயிலைத் தோட்டத்தில் மருத்துவராக இருந்த போல் ஹரிஸ் டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய 'ரெட் டீ'தான் தமிழில் இரா.முருகவேளின் 'எரியும் பனிக்காடு'. அதைத் தழுவியதுதான் படம். ஆனைமலைப் பக்கத்துக் கதை என்றாலும் கங்காணி, முன்பணம், கொள்ளைநோய் என்று வாசிக்கிறபோது அது நம்ம பாட்டன் பூட்டன் கதை. நாவலில் கருப்பனும் வள்ளியும் புருஷன் பெண்டாட்டியாக மலை ஏறுகிறார்கள். படத்தில் நாயகன் தனியாக ஏறுகிறான், அவன் காதலி ஊரில் நிற்கிறாள். இந்த மாற்றம் எனக்குச் சரியாகவே படுகிறது, பிரிவு கடைசிக் காட்சிக்கு வலு கொடுக்கிறது. மன்னிக்க முடியாதது மருத்துவர். நாவலில் ஆபிரகாம் என்ற மருத்துவர் செத்துக்கொண்டிருக்கிற தொழிலாளிக்காகத் துரையோடு முட்டி மோதுகிற ஆள். படத்தில் அந்த இடத்தில் ஆடிப் பாடி மதம் மாற்றுகிற ஒருவர் வந்து நிற்கிறார். மூலத்திலிருந்து விலகியது அல்ல என் கோபம். தொழிலாளியின் பக்கத்தில் நின்ற ஒரே படித்த மனிதரை எடுத்துவிட்டதால், தோட்டத்துக்குள்ளே நடந்த போராட்டம் என்ற ஒன்றே படத்தில் இல்லாமல் போகிறது. தழுவலை இப்படித்தான் எடை போட வேண்டும்: எதை மாற்றினார்கள், அதனால் எது விழுந்தது?

சரி, நம்ம கையில் என்ன இருக்கிறது? என்.எஸ்.எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து', தெளிவத்தை ஜோசப்பின் கதைகள், மு.சிவலிங்கத்தின் கதைகள், மல்லிகை சி.குமாரின் கதைகள். மலையக எழுத்தின் பலமே சிறுகதை. 1975இல் வி.பி.கணேசன் 'புதிய காற்று' எடுத்தபோது தெளிவத்தையைத்தான் எழுத வைத்தார்கள். அந்தத் தடத்தில் நடக்கப் போதுமான ஆள் பின்னால் வரவில்லை.

வேலை எப்படி என்பதற்கு ஒரு நிறுவைக் காட்சியை எடுப்போம். கதையில் இப்படி எழுதியிருக்கிறது என்று வையுங்கள்: "கணக்கப்பிள்ளை ஒரு கிலோவை அதிகமாகக் கழித்தான். அவளுக்குத் தெரியும். பேசாமல் நின்றாள்." வாசிக்கிறவருக்கு இது காணும். படம் பார்க்கிறவருக்குக் காணாது. சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிக்கிறது வழக்கம் என்பதே வெளியாளுக்குத் தெரியாது. ஆகவே முன்னால் நிற்கிற பெண்ணின் நிறுவையைக் காட்ட வேண்டும்: சாக்கைக் கொக்கியில் மாட்டுகிறார்கள், முள் 20இல் நிற்கிறது, "ஒண்ணு கழிவு" என்று 19 எழுதுகிறான். அந்தத் தோட்டத்தில் ஒரு பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, 18 கிலோ என்பதும் அதற்கு முன்பே, மலையில் பெண்கள் பேசிக்கொள்கிற பேச்சில் வந்துவிட வேண்டும். பிறகு நம்ம ஆள். முள் 19. பென்சில் 17 என்று எழுதுகிறது. அவ்வளவுதான். ஒரு கிலோ கழித்திருந்தால் முழுப் பேர், இப்போது இல்லை. கெமரா தராசிலிருந்து பென்சிலுக்கும், பென்சிலிலிருந்து அவள் முகத்துக்கும் போனால் போதும். பின்குரல் வேண்டாம், வயலின் வேண்டாம், அவள் வாயில் ஒரு பிரசங்கம் வைக்கவே வேண்டாம். நம்ம குறும்படங்கள் விழுகிற இடம் இதுதான்: மூன்று நிமிடம் முன்கூட்டியே போட வேண்டிய தகவலைப் போடாமல், பிறகு அழுகையால் ஈடு கட்டப் பார்க்கிறார்கள்.

காலத்தையும் பாருங்கள். அறுபதுகளில் நடக்கிற கதை என்றால் கிலோ இல்லை, ராத்தல். முதுகில் மூங்கில் கூடை, சாக்கு அல்ல. பேச்சு சென்னைப் பேச்சாகவோ யாழ்ப்பாணப் பேச்சாகவோ போனால் லயத்தில் இருக்கிற எவரும் பத்தாவது நிமிடத்தில் எழுந்து போய்விடுவார்.

உரிமை விஷயத்தில் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டப்படி எழுதியவர் இறந்து 70 வருஷம் வரை உரிமை குடும்பத்துக்கு. சி.வி.வேலுப்பிள்ளை காலமானது 1984இல், ஆகவே 2054 முடியும் வரை அவர் எழுத்து எதையும் சும்மா எடுக்க முடியாது. "தெரிஞ்ச குடும்பம்தான், கேட்டாச்சு" என்ற வாய்ப்பேச்சு விழா வாசலில் செல்லாது. வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். எந்தக் கதை, எத்தனை வருஷத்துக்கு, எந்த மொழியில், விருது வந்தால் பணம் எப்படி என்று அதில் இருக்க வேண்டும். ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து எழுதினால் மொழிபெயர்த்தவரின் அனுமதி வேறு.

நாடு அனுப்பும் ஒரே ஒரு படமாகத் தெரிவாவதை நம்பிக் காத்திருக்கவும் தேவையில்லை. டைட்டில் உட்பட 40 நிமிடத்துக்குள் இருந்தால் அது குறும்படப் பிரிவு. அகடமி பட்டியலிட்ட விழாக்களில் ஒன்றில் தகுதிக்குரிய விருதை வென்றால் நாட்டுத் தெரிவுக்குழு இல்லாமலே விண்ணப்பிக்கலாம். பட்டியல் அவர்கள் இணையத்தளத்தில் இருக்கிறது. பத்துப் பக்கச் சிறுகதை 25 நிமிடத்துக்கு அளவாக வரும். முழுநீளப் படமாகச் சர்வதேசப் பிரிவுக்குப் போகிறவர்கள் மட்டும் ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி போய்' கதியை நினைவில் வைக்க வேண்டும். தீபா மேத்தா எடுத்த அந்தப் படத்தைக் கனடா 2020இல் அனுப்பியது, ஆங்கில உரையாடல் பாதிக்கு மேல் என்று அகடமி தள்ளிவிட்டது. தோட்டத்துப் படத்தில் துரை பங்களாக் காட்சிகள் தானாகவே ஆங்கிலத்தில் நீளும். தமிழும் சிங்களமும் சேர்ந்து பாதிக்கு மேல் வருகிறதா என்று ஸ்கிரிப்ட் கையில் இருக்கும்போதே எண்ணிப் பாருங்கள். எடிட்டிங் மேசைக்கு வந்த பிறகு எண்ணினால் வெட்டுவதற்குக் காட்சி இருக்காது.